ராயபுரம் மண்டபத்தில் ரமாபாய் சொன்னது

வியாசர்பாடி ஹவுசிங் போர்டின் மூன்றாவது மாடியிலிருந்து ரமாபாயின் குரல் கிளம்பினால், கீழே தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிடுவான். நாற்பத்தாறு வயது. மாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் காலிப் பெட்டிகளைக் கழுவும் வேலை. கன்டெய்னரை அங்கே பெட்டி என்றுதான் சொல்வார்கள். மீன்தூள் வந்த பெட்டி, தோல் வந்த பெட்டி, பெயரே தெரியாத மஞ்சள் பொடி வந்த பெட்டி, எல்லாவற்றுக்குள்ளும் போய்ப் பெருக்கி, தண்ணீர் அடித்து, நாற்றம் போகத் தேய்த்து, அடுத்த சரக்குக்குத் தயார் செய்ய வேண்டும். பெட்டிக்கு உள்ளே நின்று வெளியே இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை இப்படி ஆகிவிட்டது என்பாள். குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிற அவள் புருஷன் அசோகன், கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான் என்பார், அவள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

இப்படிப்பட்டவளையே ஒரு கம்பெனி வாரம் ஒருமுறை தரையில் உட்கார வைத்துக் கையை நீட்டி சத்தியம் வாங்கியது.

குழுக்கடன் என்று அதற்குப் பெயர். பத்துப் பெண்கள் ஒரு குழு. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே வரிசையாக உட்கார வேண்டும். கம்பெனி ஆள் நாற்காலியில் உட்காருவான். வலது கையை நீட்டி, "வாங்கிய கடனைத் தவறாமல் கட்டுவோம், எங்களில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுவோம்" என்று எல்லாரும் உரக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் வசூல். பத்துப் பேர் பணமும் முழுசாகச் சேரும்வரை ஒருத்தி எழுந்திருக்கக் கூடாது. இஸ்கூலுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டும், வேலைக்கு பஸ் போய்விடும், வயிற்றைக் கலக்குகிறது, எது சொன்னாலும் கிடையாது. வட்டிக்கு விடுகிறவன் எதிரே பொம்பளைகளை இப்படிக் குந்தவைக்கலாம் என்று எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ, அவன் நன்றாக இருக்கமாட்டான்.

கொரோனா வந்தது. யார்டில் பாதிப் பெண்களை வரவேண்டாம் என்றார்கள். ரமாபாய் குழுவில் குப்பம்மா என்று ஒருத்தி, கணேசபுரம் சப்வே பக்கத்தில் ஆப்பக்கடை போட்டிருந்தவள். கடை மூடியது, மூடியதுதான். தவணைக்கு விடுமுறை என்று டிவியில் சொன்னார்கள். அந்த விடுமுறைக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது என்பது அது முடிந்த பிறகுதான் இந்தப் பெண்களுக்குத் தெரிந்தது.

ஊரடங்கு தளர்ந்து மறுபடி கூட்டம் ஆரம்பித்த ஒரு செவ்வாய்க்கிழமை, குப்பம்மா வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள். எட்டு மணி பத்து மணியாயிற்று. கம்பெனியின் கிளை மேனேஜர் பொன்ராஜ் அன்றைக்குத் தானே நேரில் வந்திருந்தான். தெற்கத்திப் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசுவான். மரியாதையாகப் பேசிக்கொண்டே யாரையும் எழுந்திருக்க விடவில்லை. ரமாபாய்க்கு நெடுநாள் கழித்து அன்றைக்குத்தான் யார்டில் கூப்பிட்டிருந்தார்கள். பதினொரு மணிக்குள் போகாவிட்டால் வேறொருத்தி உள்ளே போய்விடுவாள்.

"அக்கா, ஒண்ணு செய்வோம்" என்றான் பொன்ராஜ். "உங்க பேர்ல புதுசா ஒரு லோன் போடறேன். குப்பம்மா பழைய பாக்கியை அதுல கழிச்சுக்கலாம். மிச்சத்தை அவங்க கையில குடுத்திடறேன், கடையைத் திறக்கட்டும். தவணையை அவங்க உங்ககிட்ட குடுக்கட்டும், நீங்க எங்ககிட்ட கட்டுங்க. எல்லாரும் எந்திரிச்சுப் போகலாம்."

ஒன்பது பேரும் ரமாபாய் முகத்தைப் பார்த்தார்கள். பேர் கொடுப்பது அந்தக் குடியிருப்பில் புதிதல்ல. கேஸ் கனெக்‌ஷனுக்கு ஒருத்தி பேர், சீட்டுக்கு ஒருத்தி பேர் என்று, தண்ணி வரும் நாளில் குடம் இரவல் கொடுப்பதுபோல் பேரையும் கொடுப்பார்கள். கேட்டால் இல்லை என்று சொன்னவளை நாலு நாளைக்கு யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

"போடு சார், போடு" என்றாள் ரமாபாய். "எனக்கு பஸ்ஸுக்கு டைம் ஆவுது."

கடன் எனக்கே, என் சொந்தச் செலவுக்கே என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். குப்பம்மா ஐந்து மாசம் ஒழுங்காகக் கொடுத்தாள். ஆறாவது மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பீரோவைக்கூட எடுக்காமல், மகள் வீடு இருக்கிற சூலூர்ப்பேட்டைப் பக்கம் போனவள் திரும்பவில்லை. அதிலிருந்து தன் கடன், குப்பம்மா கடன் இரண்டையும் ரமாபாய்தான் கட்டினாள். கட்ட முடியாத மாசங்களில் தவணையை நீட்டினார்கள். நீட்டியதற்கும் வட்டி.

இதற்குள் அங்கேயும் இங்கேயும் கடன்காரப் பெண்கள் தூக்கில் தொங்கிய சேதிகள் பேப்பரில் வந்தன. பிணம் விழுந்தால்தான் மேலே இருப்பவர்களுக்குக் கண் தெரியும். புது விதிகள் வந்தன. வசூலுக்கு வீட்டு வாசலில் வந்து உட்காரக் கூடாது, ஒருத்தி பாக்கிக்கு மற்றவளை நிறுத்திவைக்கக் கூடாது, ஒரே பெண்ணுக்கு இரண்டு கடனுக்கு மேல் யாரும் தரக்கூடாது. அந்த நோட்டீஸை ரமாபாய் ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து அம்பேத்கர் படத்துக்குக் கீழே மாட்டினாள். தரையில் உட்கார்ந்து சத்தியம் செய்கிற வேலை அன்றோடு நின்றது. வசூலுக்கு வந்த ஒரு புதுப் பையன், அதே குழுவில் இருந்த கீழ்மாடி ஜன்னத் வீட்டு வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டபோது, ரமாபாய் அந்த நோட்டீஸைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் போய், அவனையே உரக்கப் படிக்க வைத்தாள். இரண்டு இடத்தில் தடுமாறினான், திரும்பப் படிக்கச் சொன்னாள். வட்டம் முழுக்க அவளுக்கு ரூல் ரமாபாய் என்று பேர் வந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்த ரூல் ஒருநாள் அவளையே மடக்கியது.

மகள் யசோதராவுக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. நர்சிங் சீட் கிடைத்தது. முப்பதாம் தேதிக்குள் அறுபதாயிரம் கட்ட வேண்டும். கையில் இருபது இருந்தது. நகை என்று இருந்தவை கொரோனாவிலேயே அடகுக்குப் போய்விட்டன. ரமாபாய் கம்பெனிக்குப் போய் நாற்பதாயிரம் கேட்டாள். கம்ப்யூட்டரைப் பார்த்த பெண், "உங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு லோன் இருக்கு, மூணாவது குடுக்க ரூல் இல்லக்கா" என்றாள். ஒன்று அவளுடையது. இன்னொன்று, சூலூர்ப்பேட்டையில் இருக்கிற குப்பம்மாவுடையது.

பொன்ராஜ் உள்ளே கூப்பிட்டான். இப்போது அவன் ஏரியா மேனேஜர். டீ வரவழைத்தான்.

"பாத்தீங்களா அக்கா, இந்த விதி யாரைத் தடுக்குதுன்னு? உங்க பொண்ணு படிப்பைத்தான் தடுக்குது." விதிகளைத் தளர்த்தலாமா என்று பார்க்க மேலிடத்தில் ஒரு குழு போட்டிருக்கிறார்களாம். ராயபுரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டமாம். வாடிக்கையாளர் ஒருத்தர் பேசினால் எடுபடும். "நீங்க பேசினா நானே மேல சொல்லி, படிப்புச் செலவுன்னு தனியா ஒரு தலைப்புல நாப்பதாயிரம் அந்த வாரமே வாங்கித் தர்றேன். என்ன பேசணும்னு எழுதித் தந்திடறோம்."

கருத்துக் கேட்பு என்றால் வடசென்னைக்காரர்களுக்குத் தெரியாதா? பந்தல் போட்டு, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, ஊரையே கேட்பார்கள். முடிவு அதற்கு முன்பே எங்கேயோ டைப் அடித்து வைக்கப்பட்டிருக்கும். ரமாபாய்க்கும் தெரியும். ஆனால் முப்பதாம் தேதிக்குப் பதினொரு நாள்தான் இருந்தது.

"பேசறேன் சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்து, லோன் வந்துடும் என்று மட்டும் மகளிடம் சொன்னாள். எதற்கு வரும், என்ன பேசினால் வரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யசோதரா அன்றைக்கே வெள்ளை ஷூ எங்கே மலிவு என்று தோழிக்கு போன் போட்டு விசாரித்தாள்.

கூட்டத்தன்று கம்பெனி வேன் வைத்து வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டையிலிருந்து அறுபது பெண்களை ராயபுரத்துக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோய் இறக்கியது. ஏசி மண்டபம். மேடையில் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, காதில் மிஷின். பக்கத்து மேசையில் பேசுவதையெல்லாம் எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா.

முதலில் ஒரு கல்லூரிப் பேராசிரியை பேசினார். நெருக்கடியில் செத்தவர்களின் வருஷத் திதிகூட முடியவில்லை, அதற்குள் விதி அதிகம் என்கிறீர்களே என்று கேட்டார். நல்ல கேள்வி. தலைவர் தலையாட்டினார். குமாஸ்தா பேனாவை மூடி வைத்திருந்தான்.

அடுத்து கடன் கம்பெனிகள் சங்கத்திலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர். அவர் பேச்சில் விஷயம் இல்லை என்று சொல்ல முடியாது. நாங்கள் கொடுக்காவிட்டால் இந்தப் பெண்கள் நாளுக்கு நாள் வட்டி ஏற்றுகிற மீட்டர் வட்டிக்காரனிடம் போவார்கள் என்றார். உண்மைதான், ரமாபாய்க்கே அப்படி இரண்டு பேரைத் தெரியும். தன் தேவையும் தன் சக்தியும் அவளுக்குத் தெரியாதா, எத்தனை கடன் வாங்கலாம் என்று சர்க்கார் ஏன் சொல்ல வேண்டும் என்றார். அதுவும் சரியாகத்தான் காதில் விழுந்தது. பிறகு முன்வரிசைப் பெண்களைக் கைகாட்டினார்.

"ஒழுக்கம் இவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. பெருந்தொற்றின் உச்சத்திலும் இந்தப் பகுதியில் எங்கள் வசூல் தொண்ணூற்றாறு சதவீதம். நெருக்கடியிலேயே தவறாதவர்களுக்கு இத்தனை கட்டுப்பாடு எதற்கு?"

கைதட்டினார்கள். பொன்ராஜ் எழுந்து நின்று தட்டினான்.

ரமாபாய் அந்தக் கணக்கைத் தனக்குள் போட்டுப் பார்த்தாள். குப்பம்மா எங்கே கட்டினாள்? கடை மூடி, கஞ்சிக்கு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாளே. அவள் பாக்கியை ரமாபாய் பேரில் புதுக்கடன் போட்டுக் கழித்தார்கள். கணக்கில் குப்பம்மா கட்டிவிட்டாள். அந்தத் தொண்ணூற்றாறில் குப்பம்மா இருக்கிறாள். இந்த அறுபது பெண்களில் இன்னும் எத்தனை பேர் அப்படி யார் யாருக்காகவோ பேர் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து ஓடியிருக்கிறார்கள்? அந்த ஓட்டத்தைத்தான் இவன் ரத்தம், ஒழுக்கம் என்று கோட்டைப் போட்டுக்கொண்டு சொல்கிறான். இப்படி ஒரு ஆத்திரம் அவளுக்கு அதற்குமுன் வந்ததே இல்லை.

அவள் பேரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தாள். எழுதிக் கொடுத்த தாளை விரிக்கவே இல்லை.

"என் பேரு ரமாபாய். பெட்டி கய்வுற வேலை. சார், எனக்கு இப்ப நாப்பதாயிரம் லோனு வோணும். பொண்ணுக்கு நர்சு படிப்பு சீட்டு கெடச்சிகீது. இந்த ரூலுதான் தடுக்குது. நெசம்."

தலைவர் முகம் மலர்ந்தது. குமாஸ்தா பேனாவைத் திறந்து எழுதினான்.

"ஆனா ஏன் தடுக்குதுன்னு கேளு. என் பேர்ல கீற ரெண்டாவது லோனு என்னுது இல்ல. எங்க குரூப்புல கட்ட முடியாத ஒருத்தி பாக்கிய மறைக்க, தோ அங்க கீறாரே பொன்ராஜ் சாரு, அவருதான் என் பேர்ல போட்டாரு. காலீல எட்டு மணிலேர்ந்து பத்து மணி வரிக்கும் எங்களத் தரையில குந்தவெச்சி, அவ துட்டு வந்தாதான் எயுந்திருக்கணும்னு சொல்லி, போட்டாரு. நானும் எனக்குத்தான் வோணும்னு பொய்க் கையெய்த்து போட்டேன். தப்புதான். இந்தக் கோட்டு சாரு சொன்ன தொண்ணூத்தாறு இப்படி வந்ததுதான் சார். இப்ப ரூல எடுத்துட்டீங்கன்னா எனக்கு லோனு கெடைக்கும், என் பொண்ணு படிக்கும். அப்பால அத்த கட்ட முடியாம நான் நின்னா, இன்னொருத்தி எனக்காகப் பேரு குடுக்கணும்."

தலைவர் காது மிஷினைத் தொட்டுப் பார்த்தார்.

"நன்றி அம்மா. குறித்துக்கொண்டோம். உணவு இடைவேளை."

ரமாபாய் மைக்கை விடவில்லை. குமாஸ்தாவைப் பார்த்தாள்.

"இன்னா எய்தின? படி."

அவன் தலைவரைப் பார்த்தான். பிறகு படித்தான். "விதியின் காரணமாகக் கூடுதல் கடன் பெற இயலவில்லை என்று தெரிவித்தார்."

"மீதி?"

"அதெல்லாம் அப்புறம் சேர்த்துக்கறோம்மா. எல்லாரும் சாப்பிடணும்."

ரமாபாய் மேடைப் படிக்குக் கீழே, சிவப்புக் கம்பளத்தில், சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஒருத்தி பத்து ரூபா கம்மியா எடுத்தாந்தா எங்கள எயுந்திருக்க உட்டீங்களா சார்? மூத்திரம் போவ உட்டீங்களா? நான் சொன்னதுல பாதி பாக்கி கீது. அது முயுசா நோட்டுல ஏறுற வரிக்கும் இங்க ஒருத்தரும் சோத்துக்கு எயுந்திருக்கக் கூடாது."

முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். புளியந்தோப்புக்காரி ஒருத்தி நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் இன்னொருத்தி. பல வருஷம் செவ்வாய்க்கிழமைதோறும் பழகிய வரிசை, யாரும் சொல்லாமலே அமைந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியை அறுபது பெண்கள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். பொன்ராஜ் குனிந்து, "அக்கா, உங்க பொண்ணை நினைச்சுப் பாருங்க" என்றான் மெதுவாக.

"அத்த நெனச்சிகினுதான் குந்திகீறேன். தள்ளு."

நாற்பது நிமிஷம் ஆயிற்று. பிரியாணி ஆறியது. கடைசியில் குமாஸ்தா நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, அவள் சொல்லச் சொல்ல முழுசாக எழுதினான். படித்துக் காட்டினான். பொய்க் கையெழுத்துப் போட்டதையும் எழுதச் சொல்லி, கீழே நிஜக் கையெழுத்துப் போட்டாள். வேனில் ஏற்றமாட்டோம் என்றார்கள். ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

அந்தச் சந்தோஷம் மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தவறான உறுதிமொழி கொடுத்துக் கடன் பெற்றதாகத் தாங்களே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருப்பதால், கடன் பதிவேட்டில் தங்கள் பேர் குறிக்கப்பட்டது, இனி எங்கும் கடன் பெறத் தகுதியற்றவர். பொன்ராஜ் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அவனை அம்பத்தூருக்கு மாற்றினார்கள், கொஞ்சம் பெரிய ஏரியாவுக்கு.

அசோகன் மீட்டர் வட்டிக்காரனைப் பார்க்கக் கிளம்பினார். ரமாபாய் வாசலில் மறித்து நின்றாள். வண்டியையே எழுதி வாங்கிவிடுவான், அப்புறம் சோற்றுக்கு என்ன செய்வது? அன்றைக்கு இரண்டு பேருக்கும் நடந்த சண்டையில் அசோகனின் குரலும் கீழே வரை கேட்டது. யார்டு சூப்பர்வைசரிடம் கேட்டாள், தொழிலாளர் சங்கத்தில் கேட்டாள், எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரம் தேறியது. முப்பதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்லூரி ஆபீசை மூடினார்கள். சீட் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று.

மண்டபத்தில் நடந்ததை யசோதராவுக்கு ஜன்னத்தான் சொன்னாள், பெருமையாக. யசோதரா அழவில்லை, கத்தவும் இல்லை. "நீ சொன்னது சரிதாம்மா" என்றாள். "என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?" அதற்கப்புறம் தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில் பில் போடும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது, ராயபுரத்தில் கருத்துக் கேட்ட அந்த மேலிடக் குழுவின் அறிக்கை வெளியானது. இரண்டு கடன் வரம்பை எடுத்துவிடலாம் என்று சிபாரிசு. பேராசிரியை யாரோ மூலமாக ரமாபாய் நம்பரைப் பிடித்து அதை போனுக்கு அனுப்பியிருந்தார். நூற்று நாற்பது பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். ரமாபாய் வேலைக்குப் போய் வந்த ஈரப் புடவையோடு மகளிடம் போனை நீட்டினாள்.

"யசோ, நான் சொன்னது எங்க கீதுன்னு பாரு. நாப்பது நிமிஷம் குந்தி எய்த வெச்சேன்."

யசோதரா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிக்குப் பக்கத்தில், ராயபுரம் என்ற தலைப்புக்குக் கீழே நின்று, அங்கிருந்த வரியைத் தமிழில் சொன்னாள்.

"கூடுதல் கடன் கிடைக்காமல் பெண் வாடிக்கையாளர்கள் சிரமப்படுவதாகத் தெரிவித்தனர்."

"அப்பால?"

"அவ்ளோதாம்மா."

"நல்லாப் பாரு. பேரு குடுத்தது, தொண்ணூத்தாறு..."

"இல்லம்மா."

மேலும் கீழும் இன்னொரு முறை தள்ளிப் பார்த்துவிட்டு யசோதரா போனை அம்மாவின் கையில் வைத்தாள்.

"இதுக்காம்மா என் சீட்டு போச்சு?" என்று கேட்டாள்.

எதிர்வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ரமாபாய் வாயைத் திறந்தாள். இருந்த கோபத்துக்கு அந்தத் தலைவனை, குமாஸ்தாவை, பொன்ராஜை, கோட்டுக்காரனை வரிசையாக நிற்கவைத்துத் திட்டியிருக்கலாம். ஆனால் கேட்டது அவர்கள் இல்லை, மகள். ரமாபாய் ஈரப் புடவையோடு மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.